றீற்றா எடுத்துவைத்த பெற்றோல்

டச்பாரில் றீற்றாவைப் போலப் பயந்த பிறவி இன்னொன்று இல்லை என்று சொன்னால் அந்த ஊரில் ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள். றீற்றாவே வரமாட்டாள், சண்டை என்றாலும் அவளுக்குப் பயம். கடலுக்குப் பயம். அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. சுனாமி வந்த காலையில் பூசைக்குப் போயிருந்ததால் தப்பியவள் அவள். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும்தான் இருந்தது. ஆனால் இடிக்குப் பயம், காஸ் சிலிண்டருக்குப் பயம், போன் அடித்தால் பயம், அடிக்காமல் இருந்தால் அதைவிடப் பயம் என்றால் என்ன செய்வது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். றீற்றாவுக்கு நல்ல வெளிச்சத்திலும் இரண்டொன்று தெரியும்.

இப்படிப்பட்டவள் வீட்டில்தான் வெள்ளைக்காரர் வந்து தங்குகிறார்கள். புருசன் ஜூலியனுக்குக் கட்டாரில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. மகள் ஷெரோன் கொழும்பில் படிக்கிறாள். சும்மா கிடந்த இரண்டு அறைகளையும் ஷெரோன் படமெடுத்து, போனில் ஏதோ செய்து, உலகத்துக்கே காட்டிவிட்டாள். அதன்பிறகு முதுகில் மூட்டையோடு எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் இடியப்பத்தையும் சொதியையும் சாப்பிட்டுவிட்டு, வாசலில் நிற்கும் ஜூலியனின் சிவப்பு மோட்டார் சைக்கிளைப் பார்த்து, இதை வாடகைக்குத் தருவீர்களா என்று கேட்டார்கள். முதலில் மறுத்தாள். ஜூலியன்தான் கட்டாரிலிருந்து, சும்மா நின்று துருப்பிடிக்கிறதற்குப் பதிலாகக் கொடு என்றான்.

கொடுத்தாள். கொடுக்கும்போது சாவியோடு ஒரு சட்டமும் சேர்த்துக் கொடுப்பாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அது இவ்வளவுதான்: "பைக் நோ லீவ். எனிவேர் நோ லீவ்." எங்கேயும் வண்டியை விட்டுவிட்டு வந்துவிடாதே என்று அர்த்தம். வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டு தலையாட்டுவார்கள். அவள் சிரிக்கமாட்டாள், அவர்கள் திருப்பிச் சொல்லும்வரை சாவியையும் விடமாட்டாள். இந்தச் சட்டம் வெள்ளைக்காரருக்கென்று உண்டாக்கியதல்ல. அந்த மோட்டார் சைக்கிளை யார் கேட்டாலும், சொந்தத் தம்பி கேட்டபோதும், அதையே சொல்லித்தான் கொடுத்தாள்.

தம்பியின் பெயர் அல்பேட். வயல் அறுக்கும் மெஷின்களைத் திருத்துகிறவன். அக்காவின் பயத்தைக் கிண்டல் பண்ணுவதையே ஒரு தொழிலாக வைத்திருந்தான். பெற்றோலுக்கு நாள்கணக்கில் கியூவில் நின்ற அந்த வருசம், வாவிக்கு மேற்கே படுவான்கரையில், உன்னிச்சைப் பக்கம் ஒரு மெஷின் நின்றுபோய்விட்டது என்று கூப்பிட்டார்கள். அவனுடைய வண்டியில் ஒரு சொட்டு இல்லை. அக்காவிடம் வந்து சாவியைக் கேட்டான். "கவனமடா. எங்கயும் விட்டுட்டு வந்திராத. கள்ளர் திரியிற காலம்" என்றாள். "உன்ர பைக்க இடுப்புல வச்சித் தூக்கிக்கொண்டு வாறன், போதுமா?" என்று சொல்லிவிட்டுப் போனான். வேலை முடித்துத் திரும்பும்போது வழியில் பெற்றோல் முடிந்தது. பொழுது சாயும் நேரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவனை யானை அடித்துவிட்டது.

றீற்றா அந்த இடத்தைப் பார்க்கவில்லை. ஆட்கள்தான் போய் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மோட்டார் சைக்கிளும் வந்தது, மட்காட் நெளிந்ததைத் தவிர அதற்கு ஒன்றுமில்லை. செப்டெம்பர் திருநாளுக்கு வருடாவருடம் கூட்டத்தோடு கூட்டமாக ஆயித்தியமலை மாதா கோயிலுக்கு நடந்து போனவள், அதோடு அதையும் விட்டுவிட்டாள். வாவிக்கு அந்தப் பக்கம் காலே வைப்பதில்லை.

அன்றைக்கு வீட்டில் ஒரு போத்தல் பெற்றோல் இருந்திருந்தால் அவன் செத்திருக்கமாட்டான் என்பது அவளுடைய கணக்கு. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. கியூ காலத்தில் எல்லாரும் செய்த வேலைதான். ராத்திரியில் டாங்கில் கிடக்கும் பெற்றோலைக் கள்ளர் உறிஞ்சிக்கொண்டு போய்விடுவார்கள் என்று, பின்னேரமே அதைச் சோடாப் போத்தல்களில் இறக்கி வீட்டுக்குள் வைத்துக்கொள்வார்கள். காலையில் திருப்பி ஊற்றுவார்கள். கியூ போனது. பழக்கத்தை ஊரெல்லாம் விட்டது. றீற்றா மட்டும் விடவில்லை. வெள்ளைக்காரர் வந்து வண்டியை நிறுத்தி அறைக்குள் போனதும் குழாயைக் கழற்றுவாள். வண்டி நகர அடியில் கொஞ்சம் விட்டுவிட்டு மிச்சத்தைப் போத்தலில் பிடித்துப் பின்பக்கச் சாய்ப்பில் வைப்பாள். அவர்கள் எழும்பமுதல் திருப்பி ஊற்றிவிடுவாள். ஒருவருக்கும் தெரியாது. காஸ் சிலிண்டரைக் கண்டால் நடுங்குகிறவள் பெற்றோல் போத்தல்களுக்குப் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கினாள்.

இந்த வருசம் ஆடி வெயிலில் லீனா வந்தாள். எஸ்தோனியா என்று ஒரு குளிர்நாடாம். முப்பது வயது வராது. கிழக்குக் கரை முழுவதையும் மோட்டார் சைக்கிளில் பார்க்கவேண்டும் என்று ஒற்றையாகக் கிளம்பி வந்தவள். முதல் நாளே சாவியை வாங்கி, "பைக் நோ லீவ்" என்று மூன்று தரம் திருப்பிச் சொல்லி, நெஞ்சில் கையும் வைத்துக் காட்டினாள். தெற்கே களுவாஞ்சிக்குடி வரைக்கும் போனாள். குருமண்வெளித் துறையில் வண்டியையும் பாதை என்கிற மிதவைப் படகில் ஏற்றி வாவியைத் தாண்டி மண்டூருக்குக் கடந்தாள். வடக்கே பாசிக்குடா போனாள். போகிற இடமெல்லாம் படமெடுத்து றீற்றாவின் போனுக்கு அனுப்புவாள். ஒவ்வொரு படமும் வரும்போது றீற்றாவுக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கும். அடுத்த படம் வரும்வரை இரண்டு மூட்டை ஏறும். பெற்ற மகளுக்குக்கூட இப்படி அவள் பயந்ததில்லை. பயந்திருப்பாள், ஆனால் ஷெரோன் பஸ்ஸில் போகிறவள்.

அன்று லீனா விடியமுதலே வாகரைக்குப் போய், வெயிலில் வெந்து, மதியத்தோடு திரும்பிவிட்டாள். வரும் வழியில் பெற்றோல் செட்டில் டாங்கை நிரப்பிக்கொண்டுதான் வந்தாள். சாப்பிட்டுவிட்டு, "இன்றைக்கு இனி ஒன்றுமில்லை, தூக்கம்தான்" என்று கன்னத்தில் கைவைத்துக் காட்டிவிட்டு அறைக் கதவைச் சாத்தினாள். புளியந்தீவில் ஒரு செத்தவீடு. பின்னேரம் திரும்ப நேரமாகிவிடும் என்று றீற்றா அப்போதே பெற்றோலை இறக்கிப் போத்தல்களைச் சாய்ப்பில் வைத்துவிட்டுப் போனாள்.

அடக்கம் முடிந்து தன்னுடைய ஸ்கூட்டியில் திரும்பினாள். கேற் திறந்து கிடந்தது. வாசலில் மோட்டார் சைக்கிள் இல்லை.

கள்ளன் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு பக்கத்து வீட்டுச் சீதேவி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னபோது, கள்ளனாக இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்தாள்.

"உங்கட வெள்ளைக்காரப் புள்ள எழும்பிப் போயிற்றாகா. மூணு மணி போல. போன்ல படமெல்லாம் காட்டிச்சு. உன்னிச்சைக் குளமாம். பொழுது படுறத்தப் பார்க்கோணுமாம்."

"நீங்க போகாத எண்டு சொல்லல்லயா?"

"நான் என்னத்தச் சொல்ற. எனக்கு யெஸ்ஸும் நோவும்தான் தெரியும். ரெண்டையும் சொன்னன், சிரிச்சிற்றுப் போயிற்று."

றீற்றா சாய்ப்புக்குள் ஓடினாள். போத்தல்கள் வரிசையாக, மூடி இறுக்கி, வைத்தது வைத்தபடி இருந்தன. அந்தச் சிவப்பு வண்டி ஓடுவதற்கான பெற்றோல் எல்லாம் இங்கே இருந்தது. வண்டி அங்கே இருந்தது. பெற்றோல் அளவு காட்டும் முள்ளு வேலை செய்து பல வருசம். டாங்க் நிறைந்திருக்கிறது என்று நம்பி அந்தப் பிள்ளை படுவான்கரைக் காட்டோரம் போய்க்கொண்டிருக்கிறது. பொழுது சாயும்போது நிற்கும். நின்றால் தள்ளும். தள்ளிக்கொண்டு வரும். அதற்கு மேல் றீற்றாவால் நினைக்க முடியவில்லை, நிலத்தில் குந்திவிட்டாள்.

போன் எடுத்தாள். வலையிறவுப் பாலத்தில் நின்று எடுத்த ஒரு படம் வந்திருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அழைத்தால் போகவில்லை. தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள், ஒற்றைச் சரிதான் விழுந்தது, இரண்டாவது விழவேயில்லை. காத்தான்குடி ஓட்டோக்காரன் றிஸ்லானை அழைத்தாள். வெள்ளைக்காரரை ஸ்டேஷனிலிருந்து ஏற்றி வருகிறவன் அவன்தான்.

"நான் ஹயர் ஒண்டுல ஓட்டமாவடியில நிக்கன் அக்கா. வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல செல்லும்" என்றான். விசயத்தைக் கேட்டதும் அவன் குரல் மாறியது. "யா அல்லாஹ். இந்த நேரத்துல நீங்க அந்தப் பக்கம் போயிராதீங்க. பொலிசுக்குச் சொல்லுங்க."

பொலிசுக்கும் சொன்னாள். எடுத்தவர் பாஸ்போட் இலக்கத்தைக் கேட்டார். அறைக்குள் போய்த் தேடி எடுக்கலாம் என்று இரண்டடி வைத்தவள், முற்றத்தைப் பார்த்தாள். தென்னை நிழல் மதிலில் ஏறிவிட்டது. போனை வைத்துவிட்டு இரண்டு போத்தலைப் பையில் போட்டு ஸ்கூட்டியில் கொளுவினாள்.

"எங்ககா போறீங்க?" என்றாள் சீதேவி.

"வாறன்" என்றாள் றீற்றா. அதற்குமேல் பேசினால் போகமாட்டாள் என்று அவளுக்கே தெரியும்.

கல்லடிப் பாலத்தில் காற்று ஸ்கூட்டியைத் தள்ளியது. சாதாரண நாளில் சைக்கிள்காரரே அவளைக் கடந்து போவார்கள். அன்றைக்கு லொறிக்காரன் ஒருவன் ஹோன் அடித்து ஏசும் அளவுக்குப் போனாள். டவுனைக் கடந்து வலையிறவுப் பாலத்துக்கு வந்தபோது, லீனா படமெடுத்த இடம் தெரிந்தது. கைபிடிச் சுவர், பின்னால் வாவி, தூரத்தில் தோணி ஒன்று. படத்தில் அந்தப் பிள்ளை பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றது. பாலத்தின் அந்தப் பக்கம்தான் றீற்றா இத்தனை வருசம் போகாத பக்கம். நிற்கவில்லை. நின்றால் திரும்பிவிடுவாள்.

வவுணதீவு கழிந்து வட்டைகள் தொடங்கின. விளைந்த வயல் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் மட்டும் கிடந்தது. கூட்டத்தோடு செபமாலை சொல்லிக்கொண்டு நடந்த ரோட்டு இது. அப்போது வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தல், சர்பத், பிள்ளைகளின் சத்தம். இன்றைக்கு ஒரு ட்ராக்டர் எதிரே வந்தது, மாடு சாய்த்துக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள், எல்லாரும் அவள் வந்த திசைக்குத்தான் போனார்கள். போகிற திசையில் அவள் ஒருத்திதான். டாங்கின் அடியில் எவ்வளவு விட்டேன், எவ்வளவு விட்டேன் என்று திரும்பத் திரும்பத் தன்னையே கேட்டாள். ஒருநாளும் அளந்து விட்டதில்லை. ஒவ்வொரு வளைவிலும் சிவப்பு வண்டி நின்றுவிடவேண்டும் என்று மன்றாடினாள். நிற்கக்கூடாது என்றும் மன்றாடினாள். எந்த மன்றாட்டைக் கேட்பது என்று மாதாவுக்கே குழம்பியிருக்கும்.

ஆயித்தியமலைச் சந்தியில் ஒரு சின்னக் கடை. பிரஷாந்தி என்று கடைப்பெயர் எழுதியிருந்தது, அதே பெயருடைய இளம்பெண்தான் கடையைப் பூட்டிக்கொண்டு நின்றாள். வெள்ளைக்காரப் பிள்ளையைக் கண்டாயா என்று றீற்றா கேட்டாள்.

"ஓம் அக்கா. என்னட்டத்தான் தண்ணிப் போத்தல் வாங்கினா. குளத்துப் பக்கம் போனவ, இன்னும் திரும்பல்ல." பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி றீற்றாவின் முகத்தைப் பார்த்தாள். "நீங்க எங்க? இனிப் போகாதீங்க. நேத்தும் பெரியவன் ரோட்டுலதான் நிண்டவன்."

"ஆர் பெரியவன்?"

பிரஷாந்தி காட்டுப் பக்கம் கண்ணை மட்டும் காட்டினாள். பொழுது சாய்ந்தபிறகு அந்த மிருகத்தின் பெயரை அவள் வாயால் சொல்லமாட்டாள் போலிருந்தது. றீற்றாவுக்கு விளங்கிவிட்டது. விளங்கியபிறகும் ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணிய கை தன்னுடைய கைதானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

சந்தி கழிந்ததும் வீடுகள் குறைந்தன. இடப்பக்கம் காடு ரோட்டுக்குக் கிட்ட வந்தது. வலப்பக்கம் வாய்க்கால், அதற்கு அங்கால் வயல். வானத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு இருந்தது, நிலத்தில் இருட்டிவிட்டது. எங்கேயோ காட்டுக்குள் கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. கேட்காததுதான் கூடப் பயமாக இருந்தது. அல்பேட்டுக்கும் இப்படித்தான் கேட்டிருக்குமா? அவன் பாட்டுப் பாடிக்கொண்டு வந்திருப்பான், அவனுக்கு எங்கே கேட்டிருக்கப்போகிறது.

வயல் பக்கமிருந்து யாரோ கத்துவது கேட்டது. மரத்தில் கட்டிய காவல் பரண் ஒன்றிலிருந்து ஒரு டோர்ச் வெளிச்சம் மேலும் கீழும் ஆடியது. "வா! இஞ்சால வா! விட்டுட்டு வா!" என்று ஒரு ஆம்பிளைக் குரல். அவளைக் கூப்பிடவில்லை. வெளிச்சம் விழுந்த இடத்தைப் பார்த்தாள். ரோட்டில் லீனா வந்துகொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிளை ஹாண்டிலைப் பிடித்து, குனிந்து, தள்ளிக்கொண்டு வந்தாள்.

உயிரோடு இருக்கிறாள் என்று றீற்றா மூச்சு விட்டாள். அந்த மூச்சு முழுதாக வெளியே வரவில்லை. ஸ்கூட்டியின் லைற் லீனாவைத் தாண்டிப் பின்னால் விழுந்தது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மண்சுவர் நிற்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். சுவர் காதை ஆட்டியது.

ஸ்கூட்டியைத் திருப்பத்தான் கை போனது. அதை மறைத்து என்ன, போனது. பாதி திருப்பியும் விட்டாள். பிறகு கத்தினாள். "லீனா, லீவ் பைக். லீவ், கம்."

லீனா நிமிர்ந்தாள். வேர்வையும் தூசியுமாக, அவளைக் கண்ட சந்தோசத்தில் சிரித்தாள். பின்னால் நிற்பதை அவள் காணவில்லை. "நோ லீவ்" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "உங்கள் பைக். நீங்கள் சொன்னீர்கள். நோ லீவ்."

யானைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று றீற்றாவுக்குத் தெரியும், ஷெரோன் பாலர் வகுப்பில் படித்ததையெல்லாம் அவளும் கூடவே படித்தவள்தான். அந்த நேரத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஸ்கூட்டியைப் போட்டாள். ஓடினாள். டச்பாரில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள், ஓடியது யானை நின்ற பக்கமாகத்தான். ஹாண்டிலைப் பிடித்திருந்த லீனாவின் விரல்களைப் பிய்த்து எடுத்தாள். வண்டி பெரிய சத்தத்தோடு விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு லீனா திரும்பினாள், திரும்பியதும் அவள் உடம்பு கல்லாகிவிட்டது. றீற்றா அவளை இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கி, அந்தப் பக்கம் ஏறி, விளைந்த கதிருக்குள்ளால் விழுந்து எழும்பி ஓடினாள். செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பின்னால் வருகிறதா என்று பார்க்கவில்லை. பரணிலிருந்து இரண்டு கைகள் நீண்டு, முதலில் லீனாவையும் பிறகு அவளையும் மேலே இழுத்தன.

"ஒரு சத்தமும் போடாதீங்க" என்று அந்த மனிதன் மூச்சுக்குள் சொன்னான்.

ரோட்டில் இரும்பு நசிவது கேட்டது. வண்டியைத் தூக்கி ஒருதரம் அடித்தது. பிறகு மிதித்தது. அவசரமில்லாமல், வேலை செய்கிறவன் வேலை செய்வதுபோல, நெடுநேரம் மிதித்தது. அந்த மனிதன் யானைவெடி ஒன்றைக் கொளுத்தி எறிந்தான். வெடித்தது. யானை போகவில்லை, கொஞ்சம் நின்று யோசித்துவிட்டுத் திரும்பவும் மிதித்தது. இரண்டாவது வெடிக்குத்தான் காட்டுப் பக்கம் திரும்பியது. லீனா றீற்றாவின் மடிக்குள் முகத்தைப் புதைத்து நடுங்கினாள். இரண்டு பேரில் யார் நடுங்குவது என்று பரணுக்குத் தெரிந்திருக்காது, அது முழுதாக ஆடியது.

"இனி இறங்க ஏலாது. பெரியவனோட திரியிற மற்றதும் அங்கதான் நிக்கும். ட்ராக்டர் வரட்டும்" என்றான் அவன். சாமித்தம்பி என்று பெயர் சொன்னான். அந்த வட்டையில் காவல் இருப்பவன்.

லீனா மெல்ல நிமிர்ந்து, டாங்க் நிறைய அடித்தேன், யாரோ திருடிவிட்டார்கள் என்று அழுதாள். றீற்றா தன் நெஞ்சைத் தொட்டாள். "மீ" என்றாள். "பெற்றோல், மீ டேக். ஐ ஃபியர்." லீனாவுக்கு விளங்கியதா இல்லையா தெரியவில்லை, றீற்றாவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பயத்தில் எடுத்து வைத்த பெற்றோல் ஒரு பிள்ளையைக் கொல்லப் பார்த்தது. இதைவிடப் பெரிய பாவம் இனி இல்லை என்று றீற்றா நினைத்தாள்.

சாமித்தம்பி வெற்றிலை மடித்தான்.

"எவ்வளவு நேரம் கூப்பிட்ட நான் தெரியுமா அக்கா. பாசை தெரியாதுதான், கையைக் காட்டினாலும் விளங்காதா? வண்டிய விடுறதாயில்ல. இந்தக் கியூ வருசமும் இப்பிடித்தான் ஒருத்தன். அதோ, அந்த மருத மரத்துக்கு அங்கால."

றீற்றா மரத்தைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அவனுக்குப் பாசை தெரியும், நம்மட ஆள்தான். இந்த நேரம்தான் இருக்கும். சிவப்பு மோட்டபைக் ஒண்டத் தள்ளிக்கொண்டு வாறான். தம்பி, பெரியவன் இறங்கிற நேரம், அத விட்டுட்டு ஏறுடா எண்டன். விடியக் காலையில எடுக்கலாம், ஒருத்தனும் தொடமாட்டான், நான் பார்த்துக்கொள்றன் எண்டும் சொன்னன். கேக்கல்ல."

"என்ன சொன்ன?" என்றாள் றீற்றா. "அவன் என்ன சொன்னவன்?"

"விட்டுட்டுப் போனா அக்கா ஏசுவா எண்டான். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னான். கையக் காட்டிற்றுப் போனான். கொஞ்சத் தூரம் போயிருக்கமாட்டான்." சாமித்தம்பி வெற்றிலையை வாயில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தான். "வந்து கேட்டவங்களுக்கெல்லாம் சொன்ன நான். அந்த அக்கா ஆரெண்டு தெரிஞ்சா அவவுக்கிட்ட மட்டும் சொல்லாம விட்டிருப்பன்."

லீனா, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். றீற்றாவிடம் அதற்கு ஆங்கிலம் இல்லை. வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டு, சத்தம் போடாதீங்க என்று சொல்லப்பட்ட இடத்தில் சத்தம் போடாமல் இருந்தாள். இத்தனை வருசமாக ஒரு போத்தல் பெற்றோல்மேல் போட்டு வைத்திருந்த பழி, போத்தலைவிட்டு எழும்பி, அவள் வாய்க்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

பிறகு ட்ராக்டர் வந்தது. றீற்றாவைத் தேடி வந்து வழியில் மறிபட்டு நின்ற றிஸ்லானும் அதில்தான் வந்தான். ஸ்கூட்டி போட்ட இடத்தில் ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது, பையில் இரண்டு போத்தலும் அப்படியே இருந்தன. சிவப்பு மோட்டார் சைக்கிளை ரோட்டிலிருந்து தூக்கியபோது எது முன், எது பின் என்று தெரியவில்லை. ஜூலியன் போனில் பதறினான். உனக்கு ஒன்றுமில்லையே, அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டுவிட்டு, பைக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. சாமித்தம்பி சொன்னதை அவள் அவனுக்குச் சொல்லவில்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்தநாள் சாய்ப்பில் இருந்த போத்தல்களையெல்லாம் றிஸ்லானின் ஓட்டோவில் ஏற்றிவிட்டாள்.

லீனா வாரம் முடியமுதல் நாட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது கட்டிப்பிடித்து அழுதாள். றீற்றா அவள் முதுகைத் தடவிக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது வருகிற வெள்ளைக்காரர் அந்த ஸ்கூட்டியைக் கேட்கிறார்கள். கொடுக்கிறாள். பயம் போகவில்லை, போன் வரும்வரை இன்றும் வாசலுக்கும் குசினிக்கும் நடக்கிறாள். சட்டம் மட்டும் மாறிவிட்டது. சாவியைக் கொடுக்கும்போது, "எனிதிங், லீவ் பைக். யூ ரன். யூ கம்" என்கிறாள். இப்படியும் ஒரு வண்டிக்காரியா என்று அவர்கள் சிரிப்பார்கள். மூன்று தரம் திருப்பிச் சொல்லவைத்துத்தான் சாவியை விடுவாள். வண்டி கேற்றைத் தாண்டி ஒழுங்கையில் மறைந்தபிறகு, வெறும் ரோட்டைப் பார்த்து அதையே தமிழிலும் ஒருதரம் சொல்வாள். வேலிக்கு அங்கால் நிற்கிற சீதேவிக்கு அது கேட்கும், யாரிடம் சொல்கிறாள் என்பதுதான் விளங்காது.

"விட்டுட்டு வாடா. அக்கா ஏசமாட்டன்."